யாராவது அமுக்கினீங்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கிய எதிர் ஃப்ளாட்காரர், லிஃப்ட் வாசலில் அப்படியே சரிந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். பதினான்கு பேர் சேர்ந்துவிட்டோம். அத்தனை பேரும் படித்தவர்கள். இரண்டு பேர் எம்.டெக். ஒருவர் சோடா வாங்கிவரச் சொன்னார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். 'காத்து வரட்டும், விலகுங்க' என்று கத்திக்கொண்டே ஒருவர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார். நான் பி.காம். 108-க்கு போன் போட்டேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்தது. எங்கள் ரோட்டு டிராஃபிக்குக்கு அது சாதனை. இறங்கிய பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மண்டிபோட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்க ஆரம்பித்தான். அமுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி யாராவது அமுக்கினீங்களா சார்?"

பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார்.

அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார். ஆனால் இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை கெட ஆரம்பிக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி வெறும் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடுவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். எனக்கு வயது நாற்பத்தாறு. பதினாறாயிரம் மத்தியானங்களுக்கு மேல் கைவசம் இருந்திருக்கின்றன.

'அதெல்லாம் கவர்மென்ட் வேலை சார்' என்றார் மூன்றாவது மாடிக்காரர், துக்கம் விசாரித்துத் திரும்பும்போது. சரி, கணக்குப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு ஜனத்தொகை 7.2 கோடி. தீயணைப்பு நிலையங்கள் சுமார் 350. இரண்டு லட்சம் பேருக்கு ஒன்று. இதை இரண்டு மடங்காக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வந்து கொடி பிடிக்கிறேன். ஆனால் எழுநூறு ஆனாலும் சிவப்பு வண்டி சிக்னலைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுவரைக்கும் பக்கத்தில் நிற்கிறவன்தான் தீயணைப்புத் துறை. அவன்தான் 108.

ஜெர்மனியில் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரர்கள் சுமார் பத்து லட்சம் பேர். பெரிய நகரங்களை விட்டால் ஊர்கள் அவர்களை நம்பித்தான் தூங்குகின்றன. ரொட்டிக் கடைக்காரர், தச்சர், பாங்க் கிளார்க். அழைப்பு வந்தால் வேலையைப் போட்டது போட்டபடி ஓடலாம். முதலாளி சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அந்தச் செலவை உள்ளாட்சி அவருக்கு ஈடுகட்டும். (பி.காம்.காரனான எனக்கு ரொம்பப் பிடித்த ஷரத்து இது.) சிலி நாட்டில் இன்னும் வேடிக்கை. அங்கே தொண்டர்கள் மாதச் சந்தா கட்டிவிட்டு நெருப்புக்குள் போகிறார்கள்! 1863 டிசம்பரில் தலைநகர் சாண்டியாகோவில் ஒரு தேவாலயம் எரிந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஊர்க்காரர்கள் கூடித் தொண்டர் படை ஆரம்பித்துவிட்டார்கள்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் 94 குழந்தைகள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் இன்றைக்கு உங்கள் பையன் படிக்கும் பள்ளியில், சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி அடிக்க எத்தனை வாத்தியார்களுக்குத் தெரியும்? ஃபீஸ் கட்டப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பேட்டை தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். (இருபது வருடம் குடியிருந்தும், ஆட்டோக்காரரிடம் வழி கேட்டுத்தான் போனேன்.) பத்திரிகை என்றதும் டீ வந்தது. 'ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்கிறேன், எங்கள் தெருவில் ஏதாவது என்றால் என்னையும் கூப்பிடுங்கள்' என்றேன். அதிகாரி நல்ல மனிதர். சிரித்தார். "ஏப்ரல்ல தீத்தொண்டு வாரம் வரும் சார். டெமோ காட்டுவோம். பசங்களைக் கூட்டிட்டு வாங்க."

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அதில் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேடம், கைதட்டும் கூட்டம்.

அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். வருகிறவனைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு உத்தரவு வேண்டும், பூட்ஸ் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். பக்கத்துக் கேரளாவில் 2018 வெள்ளத்துக்கு அப்புறம் தீயணைப்புத் துறைக்குக் கீழேயே தொண்டர் படை அமைத்தார்கள். 124 நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர். மத்திய அரசும் 'ஆப்த மித்ரா' என்று 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி அறிவித்தது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர் போன் நம்பரைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

'வட்டச் செயலாளர் ஆளுங்க பூரா தொப்பி மாட்டிக்குவாங்க' என்பார்கள். மாட்டிக்கொள்ளட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு சிலிண்டர் வெடித்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்றதும் பாதித் தொப்பிகள் தானாகக் கழன்றுவிடும். 'இலவசமா ஆள் கிடைச்சா காலியிடத்தை நிரப்ப மாட்டாங்க' என்பது நியாயமான பயம். அதனால்தான் சொல்கிறேன்: ஒரு சம்பள இடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது என்று உத்தரவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பழைய சாக்குக்கு மட்டும் இனி மரியாதை இல்லை. விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவைச் சேர்த்தாகிவிட்டது. அடிபட்டவரைச் சீக்கிரம் கொண்டு சேர்த்தால் ஐயாயிரம் ரூபாய் பரிசு என்று 2021-ல் அறிவிப்பும் வந்தது. பரிசு சரி. கழுத்தெலும்பு முறிந்தவரைக் காலும் கையுமாகப் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று யார் சொல்லிக்கொடுப்பது? நல்ல மனசு முதுகெலும்பை உடைத்த கதைகள் எத்தனையோ உண்டு.

வருகிற ஞாயிறு எங்கள் அசோசியேஷன் கூட்டம். அஜெண்டாவில் இரண்டு விஷயம்: கார் பார்க்கிங் தகராறு, லிஃப்ட்டுக்குப் பெயின்ட். மூன்றாவதாக முதலுதவி வகுப்பைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். செக்ரட்டரி படித்துப் பார்த்தார். அன்று காலை சோடா வாங்கிவரச் சொன்னவர் அவர்தான்.

"எவ்வளவு செலவு ஆகும் சார்?" என்றார்.