எல்லாமே கேஸ் இல்லை

எங்கள் தண்டலம் பக்கம் மருந்துக் கடையில் நின்றால் அடிக்கடி காதில் விழுவது, "ஒரு கேஸ் மாத்திரை குடுங்க." அப்படிக் கேட்பவர் கைக்குப் பெரும்பாலும் வருவது பான்டோபிரசோல். அது வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும், வாயுவைப் போக்காது.

வாயு சேர்வது இரண்டு வழியில். ஒன்று, நாம் விழுங்கும் காற்று. 1998-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது. பின்னாலேயே ஷிப்ட் வாழ்க்கையும் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அள்ளிப் போட்டு விழுங்கினால் காற்றும் கூடவே போகும். மேலே குடிக்கும் சோடாவும் வாயுதானே!

இன்னொன்று, குடலில் உண்டாவது. மொச்சை, கொண்டைக்கடலை, வெங்காயத்தில் உள்ள சில சர்க்கரைப் பொருட்கள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே மென்று சாப்பிடுங்கள். கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் சிறிது நடங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை வாயு பிரிவது இயல்பு. கூச்சப்பட்டு அடக்க வேண்டாம்.

ஆனால் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் "கேஸ்தான்" என்று சோடா உடைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வரலாம். ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இசிஜி பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும், அது கேஸ் என்று.