நாலரை அடி உயரத்தில் ஒரு கழிப்பறை

வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். தனி வீடு கட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர், எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் படிக்கட்டின் மேல் விரலை வைத்து ஒன்று சொல்வார்கள். “இதுக்குக் கீழ இடம் சும்மாதானே கிடக்கு? வேலை செய்யற அம்மாவுக்கு ஒரு பாத்ரூம் போட்டுடுங்க.” பெருந்தன்மையாகச் செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மையோடுதான் சண்டை.

“சும்மா கிடக்கும்” அந்த இடம் எவ்வளவு? நம் வீடுகளில் தளத்துக்குத் தளம் சுமார் பத்து அடி. பாதியில் திரும்பி ஏறும் படிக்கட்டு என்றால், திரும்புகிற மேடை ஐந்தடி உயரத்தில் இருக்கும். கான்கிரீட்டின் கனம் போக, அடியில் மிஞ்சுவது நாலரை அடி. கழிப்பறைக் கூரையின் மிகத் தாழ்ந்த இடமே தரையிலிருந்து 2.1 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழு அடி இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. நாலரை அடிக்குள் புடவை கட்டிய ஒருத்தி குனிந்து நுழைய வேண்டும், குனிந்தபடியே புடவையைத் தூக்கிச் செருக வேண்டும், எழும்போது தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நாளில் துணியோ நாப்கினோ மாற்றுவதும் இதற்குள்தான்.

இதற்கு மேஸ்திரிகளிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. தரையை ஒன்றரை அடி பள்ளமாக்கிவிடுவார்கள். உயரம் கிடைத்துவிடும். ஆனால் கழிவுக் குழாய் தெருப் பக்கத் தொட்டியை நோக்கிச் சரிவாக ஓட வேண்டுமே? தரையே தொட்டியின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் எங்கே சரியும்? அடைமழையில் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரும். அந்த நாற்றத்தையும் “அவங்க சுத்தமா வச்சுக்கறதில்ல” என்று அந்தப் பெண்ணின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

வாஸ்து வேடிக்கை தனி. படிக்கட்டுக்குக் கீழே கழிப்பறை வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று, தங்களுக்கென்றால் ஒற்றைக்காலில் நிற்பார்கள். மாடிக் குடித்தனக்காரருக்கு வெளிப்பக்கம் போடும் படிக்கட்டுக்குக் கீழே, வெளியிலிருந்தே கதவு வைத்து, வேலை செய்கிறவருக்கு என்றால் வாஸ்து வாயை மூடிக்கொள்கிறது. தீட்டு சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும் போல.

இப்போது முக்கியமான கேள்வி. வீட்டுக்குள் ஏற்கெனவே இரண்டு, மூன்று கழிப்பறைகள் இருக்கின்றன. அவற்றைத் தேய்த்துக் கழுவுவது யார்? இதே பெண்தான். கழுவக் கை உள்ளே வரலாம், உட்கார உடம்பு வரக்கூடாது என்றால் அதற்குப் பெயர் இடப் பற்றாக்குறை இல்லை, சாதி. “தனியா இருந்தா அவங்களுக்கும் சௌகரியம்” என்று அதற்கு ஒரு உறை போடுகிறார்கள். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்கா காலையில் டீ குடிப்பதில்லை. “குடிச்சா பத்து மணிக்கு எங்கம்மா போறது?” என்றார். தாகத்தை அடக்கி, சிறுநீரை அடக்கி, நீர்க்கடுப்போடு நம் பாத்திரங்களைத் துலக்குகிறவர்கள் எத்தனை பேர்!

தொழிற்சாலை நடத்தினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, வெளிச்சமும் காற்றும் உள்ள கழிப்பறை வைத்தாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. வீடு தொழிற்சாலை இல்லையாம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் நலவாரியம் வந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் ஜெனிவாவில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஏற்று உறுதி செய்யத்தான் இன்னும் மனம் வரவில்லை. ஆக, அந்தப் பெண் எங்கே ஒதுங்குவது என்பதை வீட்டுக்காரரின் விரல் தீர்மானிக்கிறது.

படிக்கட்டுக்குக் கீழே நல்ல கழிப்பறை கட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நேராக ஏறும் படிக்கட்டாக இருந்தால் முடியும். கூரை ஏழு அடிக்குக் குறைகிற முக்கோணத்தைச் சுவர் வைத்து அடைத்து, துடைப்பத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் கொடுத்துவிடுங்கள். ஏழு அடி தொடங்குகிற இடத்தில் கழிப்பறை தொடங்கட்டும். படிக்கட்டு முடிந்த பிறகும் ஒரு மூன்று அடி ஹாலுக்குள் நீளட்டும். மூன்றடி அகலம், ஐந்தரை அடி நீளம் கிடைக்கும். வெளிச்சுவரில் ஒரு சன்னல், புடவையை மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் வைக்க எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, மூடி போட்ட குப்பைக் கூடை, உள்ளே ஒரு தாழ்ப்பாள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் தூக்க வசதியாக.

இதைச் சொன்னால் “ஹால்ல மூணு அடி போயிடுமே!” என்று பதறுகிறார்கள். அதே ஹாலில் டிவி அலமாரிக்கு இரண்டடி ஆழம் கேட்டவர்கள்தான். ஆனால் ஊரிலிருந்து அம்மாவை அழைத்துவர வேண்டும், அவருக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது என்று வந்தால் மட்டும் அதே மூன்று அடி, பேச்சே இல்லாமல் கிடைத்துவிடுகிறது! கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ், வெந்நீர்க் குழாய் என்று அவர்களே பட்டியல் போட்டுத் தருகிறார்கள். அந்த அம்மாவைக் குளிப்பாட்டப் போகிறவரும் வேலைக்கு வரும் பெண்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

எனவே என்னிடம் வருகிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஹாலிலிருந்து மூன்று அடியை விட்டுக்கொடுங்கள், உங்கள் அம்மாவும் வேலைக்கு வருபவரும் நீங்களும் உங்கள் விருந்தாளியும் போகக்கூடிய ஒரே கழிப்பறையாக வரைந்து தருகிறேன். இல்லையென்றால் உள்ளே இருக்கும் கழிப்பறையைக் காட்டி, “போகணும்னா இங்க போங்கம்மா” என்று வேலைக்கு வரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு செங்கல்கூட வேண்டியதில்லை. நாலரை அடிப் பொந்துக்கு மட்டும் நான் கோடு போடுவதில்லை. இதைக் கேட்டு வேறு ஆளைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.