கடைகளின் போட்டியால் விவசாயிக்கு லாபமா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது பெரிய கடைகள் பல வந்துவிட்டன. பலசரக்கு, பால், பழம், காய்கறி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 'கடைகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. இனி நம் சரக்குக்கும் நல்ல விலை வரும்' என்று விவசாயிகள் சிலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைச் சற்று எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வகைக் கடைகளில் உலகிலேயே பெரியது செவன்-இலெவன். 1927-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐஸ் விற்ற கம்பெனி ஒன்று, ஐஸ் வாங்க வந்தவர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்றதில் தொடங்கியது. காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருந்ததால் 1946-ல் அந்தப் பெயர் வந்தது. இன்று அதன் சொந்தக்காரர் ஜப்பானியக் கம்பெனி. கடைகள் 80,000-க்கும் மேல். ஜப்பானில் லாசனும் ஃபேமிலி மார்ட்டும் அதற்குப் போட்டி. சர்க்கிள் கே கடைகளை நடத்தும் கனடா கம்பெனி 2024-ல் செவன்-இலெவனையே விலைக்குக் கேட்டு, 2025-ல் பின்வாங்கியது. நம் நாட்டில் அதன் முதல் கடையை 2021 அக்டோபரில் மும்பையில் ரிலையன்ஸ் திறந்தது.

இந்தப் போட்டியெல்லாம் யாரைப் பிடிக்க? வாங்க வருகிறவரைப் பிடிக்க. எந்தத் தெருமுனை, எத்தனை மணி வரை, எவ்வளவு மலிவு என்பதே அங்கு பேச்சு. மலிவாக விற்கிறவர் அந்தக் குறைவை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். அவருக்குச் சரக்கு கொடுக்கிறவர்கள் நாம்தான் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் கண்ட உதாரணம் சுபிக்ஷா. சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்த மறு ஆண்டு, 1997-ல், குறைந்த விலை ஒன்றையே கொள்கையாக வைத்து அது தொடங்கியது. பிறகு ரிலையன்ஸ் ஃபிரெஷ், மோர் போன்றவையும் களத்தில் இறங்க, ஊர் ஊராகக் கிளை திறப்பதில் ஓட்டப் பந்தயம் நடந்தது. சுபிக்ஷா சுமார் 1,600 கிளைகள் வரை வளர்ந்து, 2009-ல் கையில் பணமின்றிக் கடைகளை மூடிவிட்டது. ஊழியர் சம்பளமும் சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கியும் நின்றுபோயின. கடையில் கூட்டம் நிறைய இருந்தது என்பது பாக்கிக்காரருக்கு என்ன ஆறுதல்?

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்முதல் நிலையத்துக்கு ஏத்தன் குலைகள் கொண்டுபோனேன். விலை சந்தையை விடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் காய் பருமன் போதாது, தோலில் கீறல் என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியதைத் திரும்ப வண்டியேற்றிச் சந்தைக்கு வந்து சேரும்போது வியாபாரம் முடிந்திருந்தது. கூட்டிக் கழித்தால் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போயிருக்கலாம். தோல் மெல்லிய மட்டிப்பழத்துக்கு இந்த முறை இன்னும் சிரமம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான்; அதனால் மட்டும் பழம் கசங்காமல் இருக்காதே.

ஆனால் ஓணத்துக்கு முந்தைய வாரங்களை நினைத்துப் பாருங்கள். கேரள வியாபாரிகள் தோட்டத்துக்கே வருகிறார்கள். ஒருவர் பேசிவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வந்து கூட்டிக் கேட்கிறார். அப்போது நாம் கேட்ட விலைக்கு அருகில் வருகிறது. போட்டி நம் வரப்பில் நடக்கும் காலம் அதுதான். மற்ற மாதங்களில் ஒரே தரகர், அவர் சொன்னதே விலை.

அந்த நிலையை ஆண்டு முழுவதும் ஏற்படுத்த முடியாதா? எல்லைக்கு அப்பால் கேரளத்தில் செய்திருக்கிறார்கள். 2001-ல் அமைந்த கேரள காய்கறி, பழ வளர்ச்சி மன்றத்தின் கீழ் விவசாயிகள் ஊர்தோறும் சங்கமாகக் கூடித் தங்கள் சரக்கை ஒரே இடத்தில் குவிக்கிறார்கள். வியாபாரிகள் பலர் அங்கே வந்து விலை கேட்கிறார்கள். ஐந்து குலை வைத்திருப்பவரும் ஐம்பது குலைக்காரருடன் சேர்ந்து நின்று பேரம் பேச வழி இருக்கிறது. நம் மாவட்டத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் உண்டு. வாரம் இரண்டு நாள் வாழைக்கும் காய்கறிக்கும் அங்கே ஏலம் நடத்தி, கம்பெனிக் கடைக்காரர்களையும் அதற்கு வரவழைக்க வேளாண் விற்பனைத் துறை முன்வர வேண்டும். தரம் பார்ப்பதென்றால் நம் கண் முன்னே அங்கேயே பார்க்கட்டும். கழித்தது அங்கேயே வேறு வியாபாரிக்குப் போகட்டும்.

அது வரும்வரை, கம்பெனிக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். மொத்த விளைச்சலையும் ஒரே கடைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். பணம் எத்தனை நாளில் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி ஏறினால் அடுத்த வண்டியை நிறுத்துங்கள். வடசேரி உழவர் சந்தைக்கான அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறதே என்று அந்த அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம்.