கங்காணி போய் ஏஜென்ட் வந்த கதை

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் காரியாலயத்துக்கு ஒரு தம்பி வந்தார். 29 வயது. தோட்டத்தில் 11 வருட வேலை, பெரும்பாலும் கவ்வாத்து மலையில். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கம்.

"அண்ணே, லண்டன்ல விவசாயத் தொழில்நுட்ப நிபுணர் வேலை. அஞ்சு வருச வீசா. பதினாலு லட்சம். மூணு லட்சம் கட்டிட்டேன். இத ஒருக்கா வாசிச்சு சொல்லுங்க."

வாசித்தேன். நிபுணர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பருவகாலத் தொழிலாளர் வீசா என்றிருந்தது. ஆறு மாதம், ஸ்ட்ரோபெரி பறிக்கும் வேலை. ஐந்து வருடம் என்பது ஏஜென்ட்டின் வாயில் இருந்ததே தவிர காகிதத்தில் இல்லை. மூன்று லட்சம் எப்படி வந்தது என்று கேட்டேன். அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக் கடையில், மீதி வட்டிக்கு.

வெளிநாட்டுக்குப் போகாதீர்கள் என்று எழுத நான் உட்காரவில்லை. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021இல். 1350 ஆக 2024 வரை காத்திருந்தோம். அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் பெரட்டு கிடைத்தால்கூட 33,750 ரூபாய்தான் வந்தது, 25 நாள் கிடைக்காத தோட்டங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இந்த நிலையில் ஒரு பிள்ளை மண்வேலை தெரிந்த கையோடு கடல் கடந்து சம்பாதிக்க நினைப்பது குற்றமில்லை. நமது பெண்கள் நாற்பது வருடமாக வளைகுடா நாடுகளின் சமையலறைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொழுந்தும் கவ்வாத்தும் தெரிந்தவர் அதே மண்வேலைக்குப் போவதில் என்ன குறை? எந்தக் கதவு வழியாகப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தத் தம்பியின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆனது, அந்தக் கணக்கில் பார்ப்போம். இந்த வீசாவில் வருபவருக்கு வாரத்துக்குச் சராசரி 32 மணி நேரச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். அதாவது 390 பவுண். பண்ணையிலேயே கரவன் வண்டியில் தங்க வைத்தால், குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் வாடகைக்காக அப்போது ஒரு நாளைக்கு 10.66 பவுண் வரை கழிக்க முடிந்தது, வாரத்துக்கு ஏறக்குறைய 75. மிச்சம் 315. ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 வாரத்துக்கு 32 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் சாப்பாடு, அங்கே சம்பளத்தில் வெட்டும் காப்புறுதிப் பணம், வீசா, விமானச் சீட்டு எல்லாம் போக வேண்டும். முறையாகப் போனால் அப்போதும் நல்ல காசுதான். ஏஜென்ட்டுக்கு 14 லட்சமும் அதற்கு வட்டியும் என்றால் கையில் நிற்பது என்ன? மழையில் வேலை குறைந்தால், கிலோ கணக்குக்கு எட்டவில்லை என்று பாதியில் நிறுத்தினால், கடனோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆறு மாதம் முடிந்தால் அந்த வீசாவை நீட்டிக்கவும் முடியாது, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. பிரித்தானியச் சட்டப்படி, வேலை தேடிக் கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே இந்த வீசாவுக்கு ஆள் எடுக்கலாம். அப்படியானால் பதினாலு லட்சம் எதற்கு? நடுவில் நிற்கிறவரின் பைக்கு.

நமது பாட்டன், பூட்டன் காலத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. துண்டு. தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்ந்து, மலை ஏறுவதற்கு முன்பே ஆள் கடனாளி. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து நாமே அடகு வைத்து, நாமே துண்டு எழுதிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். கங்காணியாவது நம்மோடு மலையில் நின்றான். ஏஜென்ட்டின் தொலைபேசி விமானம் ஏறிய மறுநாளே வேலை செய்யாது.

ஏஜென்ட் இல்லாத வழியும் இருக்கிறது. தென் கொரியாவில் அரசாங்க ஏற்பாட்டு வேலைக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலம் மட்டுமே போகலாம், தனியார் முகவருக்கு அதில் இடமே கிடையாது. 2004இல் இருந்து இரண்டு அரசாங்கங்களுக்கும் இடையில் உள்ள ஏற்பாடு அது. தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, விவசாயத்துக்கும் கால்நடைப் பண்ணைக்கும் கொரியா வெளிநாட்டு ஆட்களை எடுக்கிறது, நம் நாட்டவருக்கு எந்தத் துறை திறந்திருக்கிறது என்பதைப் பணியகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயது 18 முதல் 39 வரை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆனால் அங்கேயும் முள் இருக்கிறது. கொரியாவின் தொழிற் சட்டத்தில் வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகள் விவசாயத் தொழிலாளிக்குப் பொருந்தாது. 2020 டிசம்பரில் கடும் குளிரில், பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருந்த தங்குமிடத்தில் ஒரு கம்போடியப் பெண் தொழிலாளி இறந்து கிடந்தார். லய அறையைப் பற்றி நாம் பேசுகிற அத்தனையையும் அங்கே போய்ப் பேச வேண்டியிருக்கும், அதுவும் வேற்று மொழியில்.

இஸ்ரேலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2023 நவம்பரில் 10,000 விவசாயத் தொழிலாளர்களை அனுப்ப நமது அரசாங்கம் உடன்பட்டது. ஏன் திடீரென்று அவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு முந்தைய மாதம் நடந்த தாக்குதலில், பண்ணைகளில் வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் கடத்தப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த வெற்றிடத்துக்குத்தான் ஆள் கேட்டார்கள். 2024இல் விவசாய வீசாவில் போன நம் நாட்டவர் சிலர், கூடுதல் காசுக்காக பேக்கரியில் வேலை செய்து பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வீசாவில் எழுதியுள்ள வேலையைத் தவிர வேறு வேலை செய்தால் முதலில் மாட்டுவது தொழிலாளிதான். வேலை கொடுத்த முதலாளி அடுத்த ஆளைத் தேடிக்கொள்வார்.

போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். காசு கொடுப்பதற்கு முன் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். ஏஜென்ட் பதிவானவரா என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள், அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்டத்தை விட்டும் சும்மா நின்றுவிடாதீர்கள். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் சட்டம் அது. நான் சொன்ன தம்பிக்கு, நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று கணக்கிட்டால், 11 வருடத்துக்கு 2,07,900 ரூபாய் வரும். அடகு வைத்ததில் பெரும்பகுதியை மீட்கக்கூடிய காசு தோட்டத்துக் காரியாலயத்தில் கிடக்கிறது. அவருக்கு அது தெரியாது. சொல்லிக்கொடுக்காதது எங்கள் தவறு.

நமது சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சம்பளத்துக்காக ரோட்டில் நிற்கத் தெரிந்த நமக்கு, தோட்டத்து வாசிகசாலையில் மாலையில் ஒரு கொரிய மொழி வகுப்பு நடத்தத் தெரியவில்லை. கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் வெட்டில் தண்ணீர் தங்காது, எந்தக் கிளையை விட்டால் செடி பிழைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்குப் பத்திரங்களில் நாம் கொடுத்திருக்கும் பெயர் 'பயிற்சியற்ற தொழிலாளி'. முன்அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. மேசனும் எலக்ட்ரீசியனும் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். நமது ஆட்களுக்காக அந்தக் கதவைத் தட்ட எந்தச் சங்கம் போனது?

அந்தத் தம்பி பணியகத்தில் முறைப்பாடு செய்தார். மூன்று லட்சத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் திரும்பி வந்தது. இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்க் கொரிய மொழி படிக்கிறார். 11 வருடம் கவ்வாத்து வேலை செய்ததாக ஒரு சேவைக் கடிதம் தரும்படி தோட்டத்துக் காரியாலயத்தில் கேட்டிருக்கிறார். அப்படிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். சங்கத்தின் பெயரில் நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.