காய்ச்சல் போய் எட்டு மாதம்... வலி ஏன் போகவில்லை?

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பரும் இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. எட்டு மாதம் முன்பு வீட்டில் நான்கு பேருக்கும் சிக்குன்குனியா வந்தது. மூன்று பேர் தேறிவிட்டோம். என் மனைவிக்கு மட்டும் விரல் மூட்டுகள் வீங்கியே இருக்கின்றன. காலையில் பால் கறக்க முடியவில்லை. டாக்டர், ‘உடம்பே உடம்பைத் தாக்குகிறது’ என்கிறார். கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா? மற்றவர்களுக்குத் தொற்றுமா? மருந்துக் கடையில் தரும் சின்ன வெள்ளை மாத்திரை போட்டால் அன்றைக்கே வலி நிற்கிறது. தொடரலாமா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நான் பயிருக்கு வைத்தியம் சொல்கிறவன். மனிதருக்கு மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆனால், டாக்டர் சொன்னதன் பொருளை விளக்க முடியும். கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில்: அந்த வெள்ளை மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்குத் தொடரக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தொற்றுமா என்று பயப்பட வேண்டாம். சிக்குன்குனியா வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ முதல் ஒரு வாரம். அந்த நாட்களில் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டு போகும். எட்டு மாதம் கழித்து உங்கள் மனைவியிடமிருந்து யாருக்கும் பரவாது.

பிறகு வலி ஏன்? நம் உடம்பில் ஒரு காவல்படை இருக்கிறது. வைரஸ் நுழைந்ததும் அதன் அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு தாக்கும். சில வைரஸ்களின் புரதம் நம் உடம்பின் புரதத்தைப் போலவே இருக்கும். காக்கிச் சட்டை போட்டு வந்த திருடனைக் கடித்துப் பழகிய நாய், அப்புறம் தபால்காரரையும் விடாது இல்லையா, அப்படித்தான். சண்டையின் சூட்டில், அதுவரை சும்மா கிடந்த வேறு காவல் அணுக்கள் உசுப்பப்பட்டு நம் திசுவையே தாக்குவதும் உண்டு. மூன்றாவது, வைரஸ் செத்தாலும் அதன் எச்சம் மூட்டுச் சவ்வில் தங்கிக் காவல்படையைச் சீண்டிக்கொண்டே இருப்பது. ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் 18 மாதம் கழித்தும் சிக்குன்குனியா வைரஸின் தடயத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2006-ல் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் வந்தபோது, பல கிராமங்களில் மாதக்கணக்கில் நொண்டி நடந்தவர்களை நாமே பார்த்தோம்.

பயிரிலும் இது உண்டு. நெல்லில் ‘புள்ளி இலை’ என்று ஒரு மரபுப் பிறழ்வு. இலை முழுக்கப் புள்ளி விழும். குலைநோய் என்று மருந்தடிக்கத் தோன்றும். ஆனால் பூஞ்சணமோ பாக்டீரியாவோ எதுவுமே இருக்காது. பயிரின் எதிர்ப்புச் சக்தி காரணமில்லாமல் விழித்துக்கொண்டு தன் இலையையே சுடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் செடிகளில் சில, உண்மையான குலைநோயை மற்றவற்றைவிட நன்றாகவே தாங்கும்.

நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன்? பிறவியிலேயே சிலருக்கு அந்த வாகு இருக்கும். பெண்களுக்கு இந்த வகை நோய்கள் அதிகம் வருகின்றன. வைரஸ் தீக்குச்சி மாதிரி, காய்ந்த வைக்கோல் இருந்தால்தான் பற்றும். 2022-ல் அமெரிக்கப் படைவீரர்களின் பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியவர்களுக்கு நரம்பு உறையைத் தாக்கும் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது தெரிந்தது. அதே வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது.

சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் எல்லா மூட்டுவலியும் முடக்குவாதம் ஆகிவிடாது. பலருக்கு மெல்லத் தணிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடக்க வராமல் இருந்தால், மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிப் பிரிவே இருக்கிறது. தாமதித்தால் மூட்டு அரிக்கும். அரித்த மூட்டு திரும்பாது.

இனி அந்த மாத்திரை. சீட்டில்லாமல் கொடுத்து அன்றைக்கே வலி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் நாமே விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு பொத்தலாகும், தொற்றுநோய் சுலபமாக வரும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அவர் மெத்தோட்ரெக்சேட் எழுதினால், இந்த நோய்க்கு அது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

மாடு இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கன்று வீசிய மாட்டை வெறுங்கையால் தொட்டிருந்தாலோ, காய்ச்சாத பால் குடித்திருந்தாலோ புருசெல்லோசிஸ் வரலாம். அதுவும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாகத்தான் வரும். அது பாக்டீரியா. அதற்கு வைத்தியமே வேறு. கேட்காமல் இதை எந்த டாக்டரும் ஊகிக்க முடியாது.

கடைசியாக உங்கள் தோட்டம். பால்வெட்டு இல்லாத மாதங்களில் ரப்பர் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறீர்களா? நிமிர்ந்திருக்கும் ஒவ்வொரு சிரட்டையும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மாட்டுத் தொட்டியில் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.