கிணற்றுக்குக் கிடைத்த நீதி மலைக்கும் வேண்டும்

கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் எண்ணெய் நெடி அடித்த 2014, 2015ஆம் ஆண்டுகளைச் சுன்னாகம் மறந்திருக்காது. குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வரும்வரை குடங்களோடு ஒழுங்கையில் நின்றோம். மின் உற்பத்திக்கு எரித்த எண்ணெயின் கழிவு சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, பரம்பரையாகக் குடித்த தண்ணீரைக் கெடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கெட்டுப்போன நிலத்தடி நீருக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. ஆனாலும் மாசாக்கியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நியாயம், நம்முடைய கிணற்றுக்காகவும் எழுத்தில் பதிந்தது.

அந்த நியாயத்தை இன்று மலையகத்துக்காகக் கேட்கிறோம். கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. போர்க்காலத்தில் தீவின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடு, டீசலை எரித்தே விளக்கேற்றியது. இப்போது வவுனியா, கிளிநொச்சி வழியாக உயரழுத்தக் கம்பி சுன்னாகம் வரை வருகிறது. அதில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு காசல்றீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர். அந்த நீரேந்து மலைகளில்தான் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் இருக்கின்றன. நமது சந்தையில் குவியும் கரட்டும் லீக்ஸும் அதே மலைகளின் விளைச்சல்தான்.

அந்த மலைகள் இப்போது சரிகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கரையேறியபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வீடுகளை மண் மூடியது. மலையில் மழை புதிதில்லை. பெய்யும் விதம்தான் மாறிவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். வங்கக் கடலும் சூடாகிறது. பல நாட்களில் தூறித் தீரவேண்டிய மழை ஒன்றிரண்டு நாளில் கொட்டுகிறது. காடாக நின்றிருந்தால் அதை வேர்கள் தாங்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் அந்தக் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். இன்று சரிவில் நிற்பது தேயிலைச் செடி. அதன் கீழே, ஓடைக்கரையில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயம்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள். அதனால் உயிர் தப்பினார்கள். ஆனால் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் அவர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவரிடம் காணி உறுதி கிடையாது. வேலையை விட்டால் கூரையும் போய்விடும். வேறொரு துண்டு நிலம் காட்டாமல் வெளியேறச் சொன்னதை எச்சரிக்கை என்று இந்தப் பத்திரிகை ஏற்காது. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 2020 ஓகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள்.

இந்தச் சாவுகளுக்கு முதல் குற்றவாளி, நூறு வருடங்களுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செழித்த நாடுகள். இலங்கையர் ஒருவரின் பங்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் கரியமில வாயு, உலகச் சராசரியில் கால்வாசிக்கும் குறைவுதான். அந்த இலங்கையிலும் விறகடுப்பு மூட்டுகிற லயத்துப் பெண்ணின் பங்கு என்னவாக இருக்கும்? இழப்பு மற்றும் சேத நிதியம் ஒன்றுக்கு 2022இல் எகிப்து மாநாட்டில் உலக நாடுகள் உடன்பட்டன. அதில் வரும் பணம் கொழும்பில் நின்றுவிடாமல் தோட்டக் குடும்பங்களிடம் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த குற்றம் நாட்டுக்குள் இருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகத்தை 22 கம்பனிகளிடம் ஒப்படைத்த அரசு, காணியின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் ஆபத்தான சரிவில் ஒரு லயம் இன்னும் நின்றால் அதற்கு அரசும் கம்பனியும் சேர்ந்தே பொறுப்பு. ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பும் பழக்கத்துக்கு மன்னிப்பே இல்லை. பாதுகாப்பான இடத்தில் தனிவீடு, குடும்பத்தின் பெயரில் உறுதியோடு காணி: இதற்குக் குறைந்த எதையும் நிவாரணம் என்று அழைக்க முடியாது.

நம் பங்கையும் எழுதியே ஆகவேண்டும். 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அரசின் அமைச்சரவையில் வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். அதை எதிர்த்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது அரை உண்மை. மலைநாட்டுச் சிறுவர் சிறுமியரைக் கொண்டுவந்து அடுப்படியில் வேலைக்கு வைத்தவை யாழ்ப்பாணத்து வீடுகள். "தோட்டக்காட்டான்" என்ற வசை நம்மூர் வாய்களில் புழங்கியது. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள், காடு வெட்டிக் கழனி ஆக்கிய பிறகும் காணி உறுதிக்காக அலைந்தார்கள். அது அநியாயம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

டித்வாவுக்குப் பிறகு, மலையக மக்கள் வடக்கு கிழக்கில் வந்து குடியேறலாமே என்ற பேச்சு அடிபடுகிறது. விரும்பி வருகிறவர்களை இரு கை நீட்டி வரவேற்போம். வருகிறவர்களுக்கு முதல் நாளே உறுதி எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். ஆனால் இருநூறு வருடம் உழைத்த மண்ணில் அவர்களுக்குள்ள உரிமையைத் தட்டிக்கழிக்க இந்தப் பேச்சை அரசு சாட்டாக எடுத்தால், வடக்கிலிருந்தே எதிர்ப்புக் குரல் எழ வேண்டும். மலையகக் காணிக் கேள்வி நாடாளுமன்றத்துக்கு வரும் நாளில் எங்கள் வாக்கில் போனவர்கள் எந்தப் பக்கம் கை உயர்த்துகிறார்கள் என்பதை, இம்முறை சுன்னாகம் பார்த்துக்கொண்டிருக்கும்.