இளமை தரும் மாத்திரை உண்டா?

சேலம் நகருக்கு அருகே ஒரு மலை இருக்கிறது. கஞ்சமலை என்று பெயர். மலையடிவாரத்தில் சித்தேசுவரர் கோவில். அமாவாசை தோறும் அங்கே கூட்டம் அலைமோதும்.

அந்த மலையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

முன்னொரு காலத்தில் முதிய சித்தர் ஒருவர் மூலிகை தேடி அங்கே வந்தார். கூடவே ஒரு சீடர். அவருக்கும் வயது அதிகம். சீடர் சோறு பொங்கினார். கிளற அகப்பை இல்லை. பக்கத்தில் நின்ற செடியின் குச்சியை ஒடித்துக் கிளறினார். சோறு கறுத்துவிட்டது! குரு கோபிப்பாரே என்று பயந்து, அந்தச் சோற்றைத் தாமே தின்றுவிட்டார்.

குரு திரும்பி வந்தார். கிழவரைக் காணவில்லை. ஓர் இளைஞன் நின்றான்!

இது கதைதான். ஆனாலும் இந்தக் கதை இத்தனை காலம் ஏன் வாழ்கிறது? மனிதனின் ஆசை அதில் இருக்கிறது. நரை வரக்கூடாது, தோல் சுருங்கக்கூடாது, முழங்கால் வலிக்கக்கூடாது. இந்த ஆசை இல்லாதவர் யார்?

அன்று அந்த ஆசைக்குக் காயகல்பம் என்று பெயர். இன்று அது டப்பாவில் வருகிறது. அதன் மேல் "ஆன்டி ஆக்சிடன்ட்" என்று எழுதியிருக்கிறது.

உறவினர் கொண்டு வரும் டப்பா

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு 58 வயது. ரத்த அழுத்தம் உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். பீடியையும் விடவில்லை.

ஒருநாள் உறவுக்காரப் பையன் வருகிறான். கையில் ஒரு பை.

"மாமா, இந்த மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடுங்கள். பத்து வயது குறைந்துவிடும். அத்தைக்கும் ஒரு டப்பா வைக்கிறேன்."

"விலை என்ன மாப்பிள்ளை?"

"உங்களிடம் விலை பேசுவேனா? உடம்பைப் பாருங்கள் மாமா!"

உறவு ஆயிற்றே, முகத்தை முறித்துக்கொள்ள முடியுமா? பணம் கை மாறுகிறது. ஒரு மாதக் காய்கறிச் செலவு ஒரே டப்பாவில் போய்விடுகிறது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். ஆனால் அவர் இன்னொன்றும் செய்கிறார். "இதுதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறானே" என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

துருவும் முதுமையும்

ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் என்ன?

கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு. அந்த இரும்பை உருக்கி ஓர் அரிவாள் செய்து, மழையில் போட்டு வையுங்கள். துரு ஏறிவிடும். காற்றில் உள்ள பிராணவாயு இரும்பைத் தின்கிறது. வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கறுத்துப் போவதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் பிராணவாயு செய்யும் வேலைதான்.

நறுக்கிய வாழைப்பூவை வீட்டில் பெண்கள் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார்கள். அது கறுப்பதில்லை. இப்படிப் பிராணவாயுவின் வேலையைத் தடுக்கும் பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர்.

நம் உடலும் பிராணவாயுவால்தான் வாழ்கிறது. அடுப்பு எரிந்தால் பொறி பறப்பதுபோல, உடல் உணவை எரிக்கும்போதும் சில பொல்லாத அணுக்கூட்டங்கள் பிறக்கின்றன. அவை பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். "இந்தத் தாக்குதல் சேர்ந்து சேர்ந்துதான் மனிதன் கிழவனாகிறான்" என்று 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தை வெளியிட்டார்.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஆகியவை இந்தப் பொறியை அணைக்கும். "அப்படியானால் அவற்றை மாத்திரையாக விழுங்கினால் முதுமை வராதே!" என்று உலகம் துள்ளியது. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கே வைட்டமின் சி-யை அளவுக்கு மேல் சாப்பிடச் சொன்னார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பின்லாந்தில் நடந்தது

பின்லாந்து நாட்டில் சோதித்தார்கள். புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள். சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு வைட்டமின் ஈ. சிலருக்கு இரண்டும். சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது; கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. 5 வருடம் முதல் 8 வருடம் வரை கவனித்தார்கள்.

நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள்!

பீட்டா கரோட்டின் சாப்பிடாதவர்களில் 100 பேருக்குப் புற்றுநோய் வந்தது என்றால், சாப்பிட்டவர்களில் 118 பேருக்கு வந்திருந்தது. நோய் குறையவில்லை, கூடிவிட்டது!

தற்செயலாக இருக்குமோ? அமெரிக்காவில் 18,314 பேரிடம் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் புகை பிடிப்பவர்கள், முன்பு புகை பிடித்தவர்கள், கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்கள். அங்கே பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கும் புற்றுநோய் கூடியது, சாவும் கூடியது. 1996-ல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

2012-ல் இப்படிப்பட்ட 78 சோதனைகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 2,96,707 பேர். ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டவர்களிடம் சாவு சற்று அதிகமாகவே இருந்தது. வைட்டமின் சி-யால் ஆயுள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பீடி குடிக்கும் அந்த 58 வயதுக்காரரை மறுபடி நினைத்துப் பாருங்கள். "பீடி குடித்தால் என்ன, மாத்திரைதான் சாப்பிடுகிறேனே" என்று அவர் எண்ணினால், எவ்வளவு பெரிய தவறு!

நல்லது எப்படிக் கெட்டதாயிற்று?

கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நோய் குறைவு என்பது உண்மை. அதைக் கண்டுதான் மாத்திரை செய்தார்கள். ஆனால் கீரை வேறு, மாத்திரை வேறு.

கீரையில் ஒரு சத்து மட்டும் இல்லை. நார்ச்சத்து உண்டு, தாது உப்பு உண்டு, இன்னும் நூறு பொருள்கள் உண்டு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கின்றன. மாத்திரையில் ஒன்றே ஒன்று, பெரிய அளவில் இருக்கிறது. சாம்பாருக்கு உப்பு வேண்டும். அதற்காக உப்பையே சாம்பாராகக் குடிக்க முடியுமா?

இன்னொரு காரணமும் உண்டு. பொல்லாதவை என்று சொன்னோமே, அந்தப் பொறிகள் முழுக்கப் பொல்லாதவை அல்ல. நோய்க் கிருமியைக் கொல்ல உடலே அவற்றை ஆயுதமாக உபயோகிக்கிறது. உடற்பயிற்சி செய்யும்போது எழும் பொறிகள் உடலை உறுதிப்படுத்தும் சைகையாகின்றன. 2009-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியில், வைட்டமின் சி-யும் ஈ-யும் மாத்திரையாகச் சாப்பிட்டு உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, சர்க்கரையைக் கட்டுப்படுத்த உடற்பயிற்சி தரும் பலன் கிடைக்கவில்லை. மாத்திரை சாப்பிடாதவர்களுக்குக் கிடைத்தது!

கஞ்சமலை அருகே உள்ள சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிறார்கள். இரும்புடன் குரோமியம் கலந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத படலம் படிகிறது. துரு ஏறுவதில்லை. எவர்சில்வர் பாத்திரம் பளபளப்பது அதனால்தான். மனித உடல் எவர்சில்வர் அல்லவே! அது உயிருள்ளது. தேய்ந்ததைத் தானே புதுப்பிக்கிறது. அதற்கு வேண்டியது நல்ல உணவு, உழைப்பு, உறக்கம்.

மாத்திரையே கூடாதா?

அப்படிச் சொல்லக்கூடாது. குறை இருந்தால் நிரப்பத்தான் வேண்டும். குழந்தைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவம் கண்ணைக் காக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச் சத்து மாத்திரை தாயையும் பிள்ளையையும் காக்கிறது. அவற்றை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. முதுமையில் விழித்திரை கெடும் ஒரு வகை நோய்க்கு, நோய் முற்றாமல் இருக்கச் சில வைட்டமின்களைக் கண் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். அது பலன் தரும் என்று 2001-ல் தெரியவந்தது.

இவை டாக்டர் பார்த்துக் கொடுப்பவை. குறை இன்னது, அளவு இவ்வளவு என்று கணக்கு உண்டு. "எல்லோரும் சாப்பிடுங்கள், இளமை வரும்" என்பதற்கு அந்தக் கணக்கு இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொள்பவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இந்த டப்பாக்களைத் தொடவே கூடாது. வைட்டமின் சி மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீரகக் கல் வரலாம். நாமகிரிப்பேட்டை மஞ்சள் சமையலுக்கு நல்லது. அதே மஞ்சளின் சாரத்தைக் கெட்டியாக்கி மாத்திரையாகத் தின்ற சிலருக்கு ஈரல் கெட்டதாக வெளிநாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சட்டமும் சும்மா இல்லை. இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மருந்து விற்கக்கூடாது என்று இந்திய மருந்து விதிகளில் இருக்கிறது. சத்து மாத்திரை டப்பாவிலோ "மருந்தாக உபயோகிப்பதற்கு அல்ல" என்று அச்சிட வேண்டும் என்பது உணவுச் சட்ட விதி. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் வாக்குறுதி! பின்பக்கம் உண்மை!

அதியமான் கொடுத்த கனி

சேலத்துக்கு வடக்கே தகடூர். இன்று அதற்குத் தருமபுரி என்று பெயர். அங்கே ஆண்ட அதியமான், அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தான். அதை உண்டால் நெடுநாள் வாழலாம் என்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை. அந்தக் கொடையை அவ்வை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது.

அந்தக் கனி சாவை வென்றதா என்பது வேறு. நெல்லிக்காய் சத்துள்ளது என்பது மட்டும் நிச்சயம். 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் இருந்தால் போதும். இரண்டு நெல்லிக்காயில் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது! கீரைச் சோற்றுடன் தின்றால் கீரையில் உள்ள இரும்புச் சத்தும் நன்றாக உடலில் சேரும். ஊறுகாயாகத் தின்றால் உப்பு அதிகம். சர்க்கரைப் பாகில் ஊறியதைத் தின்றால் இனிப்பு அதிகம். பச்சையாகத் தின்பதே மேல்.

பீட்டா கரோட்டின் வேண்டுமா? வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. கோடையில் சேலத்து மாம்பழம் வருகிறது. கண்ணுக்கு நல்லது என்று மாத்திரையில் விற்கிறார்களே, லூட்டின்? அது நாமக்கல் முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது. பழமும் காய்கறியும் சேர்த்து ஒருவர் தினமும் 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. டப்பா வாங்கும் பணத்தில் அதை வாங்கினால் குடும்பம் முழுவதும் சாப்பிடலாம்.

முகச் சுருக்கத்துக்கும் வழி உண்டு. பீடியை, சிகரெட்டை விடுங்கள். கொளுத்தும் வெயிலில் தலையில் துண்டு போடுங்கள்; குடை பிடியுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அந்த உறவுக்காரப் பையன் மறுபடி வருவான். அவனை விரட்ட வேண்டாம். உட்காரவைத்துச் சோறு போடுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு முட்டையும் வையுங்கள்.

"மாப்பிள்ளை, எங்கள் இளமை மாத்திரை இதுதான்" என்று சொல்லுங்கள்.

அவனும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்!